உட்பைக்குள் போன கை

எப்போதும் எனக்கு முன்னால் நடந்தே பழகிய அண்ணைக்கு,

நம்முடைய லாசால் பகுதியில் காலையிலிருந்து பனி கொட்டுகிறது. நீங்கள் போனபிறகு வரும் முதல் பனி. இங்கே பனியும் உங்களுக்காகக் காத்திருக்கவில்லை, பொலிஸ் முறைப்பாட்டு அலுவலகமும் காத்திருக்கவில்லை. அதனால் இரண்டின் செய்தியையும் நானே எழுதவேண்டியிருக்கிறது.

முதலில் வீட்டுப் பாடு. அண்ணி சுகமாக இருக்கிறா. இன்னமும் உங்களுக்கும் சேர்த்துத் தேத்தண்ணி போட்டுவிட்டு, அதை எனக்குத் தருகிறா. உங்கள் கார் இப்போது துளசியிடம். அதன் அன்ரெனாவில் அவள் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கிறாள். "பனிக்குள்ள தெரியவேணும் சித்தப்பா" என்றாள். உங்கள் மகளாயிற்றே.

போன குளிர்காலத்தில் அந்த ரிப்பன் அங்கே இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பேன். பிறகு, ஒரு நகரத்தின் பாதுகாப்பு ஒரு முழ ரிப்பனில் தொங்கக்கூடாதே என்றும் யோசிப்பேன்.

இதை மற்றவர்களும் வாசிப்பார்கள். அவர்களுக்காக உங்களுக்குத் தெரிந்த கதையையே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அன்று காலை உங்கள் தெருவில் பனி அள்ளும் வண்டிகள் வந்தன. அதற்கு முன்னால் காரை எடுக்கச் சொல்லி ஊதிக்கொண்டு வருகிற இழுவை வண்டியும் வந்தது. நீங்கள் மேலங்கியைப் போட்டு, தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டு ஓடினீர்கள். தெருவோரம் முழுக்க ஒரே உயரத்தில் வெள்ளைக் குவியல்கள். உங்களுடையது என்று நினைத்த குவியலைத் துடைக்கத் தொடங்கினீர்கள். கூரை, கண்ணாடி, பின்பக்க விளக்கு, ஒன்றும் விடவில்லை. வெளியே வந்தது வெள்ளைக் கார். உங்களுடையதும் வெள்ளைக் கார்தான். திறப்பு சுழலவில்லை. பூட்டு உறைந்துவிட்டது என்று கைப்பிடியைப் பிடித்து உலுக்கினீர்கள்.

அது எதிர்க் கட்டடத்து மதாம் கொலெத்தின் கார். தலைமூடிய ஓர் ஆள் தன் கார்க் கதவை உலுக்குவதை அவர் மூன்றாம் மாடி ஜன்னலால் கண்டார். தொலைபேசியை எடுத்தார். அவரில் பிழையில்லை. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் நானும் எடுத்திருப்பேன்.

இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள். ஏதோ கத்தினார்கள். இழுவை வண்டியின் ஊதலுக்குள் நீங்கள் கேட்டது சத்தத்தை மட்டும்தான், சொற்களை அல்ல. ஆனால் சீருடையைக் கண்டீர்கள். சீருடையைக் கண்டால் என்ன செய்யவேண்டும் என்பது நம்முடைய வயதுக்காரருக்கு மூளையில் இல்லை, கையில் இருக்கிறது. சண்டைக்காலத்தில் யாழ்ப்பாணத்துச் சோதனைச் சாவடிகளில் நாம் ஐ.சி. என்ற அடையாள அட்டையைக் கேட்க முதல் எடுத்து நீட்டினோம். கேட்கும்வரை நின்றவனைத்தான் ஓரமாக நிறுத்தினார்கள். நீட்டியவன் பின்னேரம் வீட்டில் இருந்தான். அந்தக் கை உங்களை இத்தனை வருடம் உயிரோடு வைத்திருந்தது. அன்றும் அது தன் வேலையைச் செய்தது. நேரே மேலங்கியின் உட்பைக்குள் போனது.

அங்கே ஒரு கையால் காப்பாற்றப்பட்டவரை, இங்கே அதே கைக்காகச் சுட்டார்கள். மின்னதிர்ச்சித் துப்பாக்கியால். பனியில் விழுந்தீர்கள். உட்பையிலிருந்து வெளியே வந்தது மருத்துவ அட்டை, சூரியன் படம் போட்டது. நீங்கள் கீழே கிடந்த நேரத்தில் உங்கள் காரை இழுத்துக்கொண்டுபோய்ப் பக்கத்துத் தெருவில் விட்டார்கள். அன்று பொதுச்சேவையில் பிசகாமல் நடந்த வேலை அது ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியால் வந்த அன்று சோபாவில் படுத்திருந்தபடி நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது.

"கரண்ட் எண்டா சும்மா கரண்ட் இல்லையடா. உடம்பு முழுக்க ஒரு பல்லாகி, அந்தப் பல்லு கூசின மாதிரி."

"துவக்கால சுட்டிருந்தா?" என்றேன்.

"சுட்டிருந்தா நீ இப்ப தேத்தண்ணியோட வந்து நிக்கமாட்டாய். அந்தளவில நல்ல சாமான்தான்."

"அப்ப என்ன குறை?"

"கேக்கேல்லையடா. என்ன எடுக்கிறாய் எண்டு ஒருத்தனும் கேக்கேல்லை."

இந்த ஆயுதத்தைப் பற்றி அதற்குப் பிறகு நான் நிறைய வாசித்துவிட்டேன். ஆணைக்குழு அறிக்கைகள், பேராசிரியர்களின் கட்டுரைகள், விற்பவர்களின் விளம்பரங்கள். விளம்பரங்களில்தான் நடை நன்றாக இருந்தது. ஆனாலும் நீங்கள் சொன்னதைத் தாண்டி எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. துப்பாக்கிக்குப் பதிலாக என்று சொல்லி அதைக் கொண்டுவந்தார்கள். உங்கள் விஷயத்தில் அது ஒரு கேள்விக்குப் பதிலாகப் பயன்பட்டது.

அடிபட்ட இடம் ஆறிவிட்டது. ஆறாமல் இருந்தது சனத்தின் வாய். தமிழ்க் கடையில் செல்வராசா கத்தரிக்காய் பொறுக்கியபடி என்னைப் பிடித்து உங்களைப் பற்றிக் கேட்டார்.

"கொண்ணருக்குக் கரண்ட் அடிச்சவங்களாமே. என்ன செய்தவர்?"

"பனி துடைச்சவர்."

"அதுக்கு அடிப்பாங்களே? இது என்ன எங்கட நாடே? வேறை ஏதும் இருக்கும்."

"வேறை ஒண்டும் இல்லை. கார் மாறிப்போச்சு."

"வேறை ஆரின்ரையோ காரோ?"

"ஓம்."

"பாத்தியே," என்றார், தன் சந்தேகத்தை நானே தீர்த்துவைத்ததுபோல. கத்தரிக்காயும் நல்லதாகக் கிடைத்திருக்கவேண்டும். முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது.

அவரைக் குறை சொல்லவில்லை. ஓர் அரசாங்கத்துக்குப் பயந்து ஓடிவந்த சனம், ஓடிவந்த இடத்து அரசாங்கமாவது பிழைவிடாது என்று நம்ப ஆசைப்படும். அந்த ஆசைக்கு நீங்கள் இடைஞ்சலாக இருந்தீர்கள். நீங்கள் திருடன் என்றால் எல்லோருக்கும் நிம்மதி.

அது உங்கள் காதுக்கும் வந்தது. கோயிலுக்குப் போவதை நிறுத்தினீர்கள். முறைப்பாடு எழுத உட்கார்ந்தபோது துளசியிடம் சொன்னீர்கள்: "காசு வேண்டாம். அந்தப் பெடியன்ரை வேலையும் போகவேண்டாம். நான் கள்ளன் இல்லையெண்டு அவங்கட வாயால, நாலு சனத்துக்கு முன்னால சொல்லவேணும். அவ்வளவுதான்."

கோடை முடிய முதல் உங்கள் இதயம் நின்றுவிட்டது. அதற்கும் அந்த மின்சாரத்துக்கும் தொடர்பில்லை என்றார் வைத்தியர். நம்புகிறேன். நம்பாமல் எழுதினால் இந்தக் கடிதத்துக்கு இன்னும் வேகம் வரும். ஆனால் உங்களுக்கு வாங்கவேண்டிய நியாயத்தைப் பொய்யில் வாங்க எனக்கு விருப்பமில்லை.

செத்தவீடு முடிந்து அதிக நாளாகவில்லை. முறைப்பாட்டு அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. உங்களோடு கதைக்கவேண்டுமாம். அப்பா இறந்துவிட்டார் என்றாள் துளசி. அந்தப் பெண் மிக மரியாதையாக அனுதாபம் சொன்னாள். பிறகு, முறைப்பாட்டாளர் இல்லாதபடியால் கோப்பு மூடப்படும் என்றாள். சுட்டவர் இருக்கிறாரே என்று துளசி கேட்டாள். தன்னைப் பற்றி அவர் முறைப்பாடு செய்யவில்லையே என்று பதில் வந்தது. குற்றம் சொல்ல முடியாத தர்க்கம்.

இதற்கிடையில் நம்முடைய சங்கத்தில் ஒரு பயிற்சிப் பட்டறை வைத்தார்கள். பொலிஸைக் கண்டால் கையை எங்கே வைப்பது என்று ஒரு சட்டத்தரணி பழக்கினார். கோயிலில் தலைக்கு மேல் கைகூப்பிப் பழகிய சனம், சிரமப்படவில்லை. சுடுபவர்களுக்கு எப்போது சுடுவது என்று பயிற்சி, சுடப்படுபவர்களுக்கு எப்படிச் சுடப்படாமல் இருப்பது என்று பயிற்சி. இரண்டாவதைத்தான் கட்டாயம் என்று சொன்னார்கள். அண்ணி முன்வரிசையில் இருந்து கையை உயர்த்திப் பழகியதை நான் பார்த்தேன், அண்ணை. அவவின் சீலை தோளால் நழுவியது. அதைப் பிடிக்கக் கையை இறக்கலாமா என்று சட்டத்தரணியைக் கேட்டா. அவர் தன் குறிப்புத் தாளைப் புரட்டினார்.

இனித்தான் உண்மையான செய்தி. போன மாதம் இங்கே ஒரு பொது அமர்வு நடந்தது. இந்த ஆயுதத்தைப் பற்றிப் பொதுமக்கள் கேட்கலாம், பொறுப்பானவர்கள் வருவார்கள் என்று அறிவித்தார்கள். வருவார்கள் என்றுதான் இருந்தது, பதில் சொல்வார்கள் என்று இருக்கவில்லை. நானும் துளசியும் போனோம்.

மேடையில் ஒரு பொலிஸ் கமாண்டர் இருந்தார். நல்ல மனிதர், தண்ணீர்ப் போத்தலைக்கூடச் சத்தமில்லாமல் திறந்தார். பெரும்பாலும் அந்த ஆயுதத்தைக் காட்டினாலே போதும் என்றார். ஒவ்வொரு பயன்பாடும் கவனமாக ஆராயப்படுகிறது என்றார். யார் ஆராய்கிறார்கள் என்று யாரோ கேட்டார்கள். பயன்படுத்தியவரின் மேலதிகாரிகள் என்றார். நியாயம்தானே, தங்கள் ஆட்களை அவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்? முடிவை யாருக்குச் சொல்கிறீர்கள் என்ற கேள்விக்கு, அது உள்ளக விடயம் என்றார்.

என் முறை வந்தது. ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றேன். எழுதிக்கொண்டுபோனதை வாசிக்கக் கண்ணாடி வேண்டும். கை தன்பாட்டில் மேலங்கியின் உட்பைக்குள் போனது. போனபிறகுதான் வாசலில் நின்ற பொலிஸ்காரரைக் கண்டேன். அவருடைய இடுப்பில் அந்தச் சாமான், மஞ்சள் நிற மின்னதிர்ச்சித் துப்பாக்கி, இருந்தது. என் கை உள்ளேயே நின்றுவிட்டது. துளசி கதிரையிலிருந்து பாதி எழுந்துவிட்டாள்.

நான் வாசிக்க நினைத்ததை விட்டுவிட்டு, தொழிற்சாலை வேலையில் பழகிய பிரெஞ்சில் கேட்டேன். "கமாண்டர், என் கை உள்ளே இருக்கிறது. நான் என்ன எடுக்கப்போகிறேன்?"

சபையில் சிலர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "உங்கள் கண்ணாடியாக இருக்கும், ஐயா."

"எப்படித் தெரியும்?"

"கையில் தாள் வைத்திருக்கிறீர்கள். வாசிக்கப்போகிறீர்கள்."

"என் அண்ணர் கையில் பனி துடைக்கும் தூரிகை வைத்திருந்தார்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். நான் உங்கள் கதையைச் சொன்னேன். என் அண்ணர் திருடன் அல்ல என்று இந்தச் சபையில் உங்கள் வாயால் சொல்வீர்களா என்று அவரைக் கேட்டேன்.

"தனிப்பட்ட சம்பவங்களைப் பற்றி நான் கருத்துச் சொல்ல முடியாது, ஐயா."

"யாருக்கும் தனிப்படாமல் ஏதாவது சம்பவம் நடந்திருக்கிறதா?"

மணி அடித்தது. என்னுடைய நேரம் முடிந்தது.

அப்போது பின்வரிசையில் ஒரு கிழவி எழுந்தார். பெயர் கொடுக்கவில்லை என்றபடியால் ஒலிவாங்கி தர மாட்டோம் என்றார்கள். அவருக்கு அது தேவைப்படவும் இல்லை.

"அது என் கார்," என்றார். "நான்தான் உங்களைக் கூப்பிட்டேன். பிறகு கீழே இறங்கிப் பார்த்தேன். அந்த மனிதர் என் கார் முழுவதையும் துடைத்திருந்தார். கண்ணாடித் துடைப்பான்கள் இரண்டையும் உறையாமல் நிமிர்த்தி வைத்திருந்தார். திருட வந்தவன் அப்படிச் செய்வானா? அன்றே உங்கள் ஆட்களிடம் சொன்னேன். விசாரணை என்று யாராவது வருவார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் என் கதவைத் தட்டவில்லை. அவர் திருடன் அல்ல. இதை எழுதிக்கொள்ளுங்கள்."

கமாண்டர் தண்ணீரைக் குடித்தார். அமர்வின் தலைவர், கவனத்தில் எடுத்துக்கொள்கிறோம் என்றார். அந்த மண்டபத்தில் அன்று பொறுப்பு எடுத்துக்கொண்டது எந்தப் பொறுப்பிலும் இல்லாத ஒருவர்.

வெளியே வந்து மதாம் கொலெத் துளசியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு என்னிடம் கேட்டார், உங்கள் அண்ணர் பையிலிருந்து எதை எடுக்கப் போனார் என்று. துளசி தன் கைப்பையைத் திறந்து உங்கள் அட்டையைக் காட்டினாள். அதை இன்னும் வைத்திருக்கிறாள் என்பது எனக்கே அப்போதுதான் தெரியும். அவர் அந்தச் சூரியனை வெகுநேரம் பார்த்தார்.

"கேட்டிருந்தால் காட்டியிருப்பார், இல்லையா?" என்றார்.

"கேட்கமுதலே காட்டுவார் மதாம். அதுதான் பிரச்சினை," என்றேன்.

கதை ஊருக்குள் போய்விட்டது. போன கிழமை செல்வராசா கடையில் கண்டார்.

"அந்த வெள்ளைக்காரி சபையில சொன்னவவாமே, கொண்ணர் ஒண்டும் செய்யேல்லையெண்டு."

"ஓம்."

"நான் அப்பவே சொன்னனான்," என்றார்.

ஆகவே அண்ணை, நாலு சனத்துக்கு முன்னால் சொல்லியாகிவிட்டது. பாதி கிடைத்துவிட்டது என்று அண்ணி விளக்கேற்றினா. ஆனால் நீங்கள் கேட்டது அவர்களுடைய வாயால். அது இன்னும் வரவில்லை. மதாம் சொல்லித்தான் நீங்கள் திருடன் இல்லை என்றாகவேண்டுமானால், மதாம் இல்லாத தெருவில் விழுகிறவன் என்ன செய்வான்? அவனுக்காக யார் பின்வரிசையில் எழும்புவது? உங்களுக்குப் பதில் தெரிந்தால் கனவில் வந்து சொல்லுங்கள். முன்பின் யோசிக்காமல் வாருங்கள், இங்கே அட்டை ஒன்றும் கேட்கமாட்டோம்.

இன்று காலை துளசி என் மேலங்கியை எடுத்து, என் மருத்துவ அட்டையை உட்பையிலிருந்து வெளிப்பைக்கு மாற்றினாள். "இனி இஞ்சதான் சித்தப்பா. ப்ளீஸ்." நான் ஓம் என்றேன். தெருவில் அவள் சொன்னபடியே நடப்பேன். கண்ணாடியை மட்டும் உட்பையில் விட்டுவைத்திருக்கிறேன். அது அமர்வுக்கு வேண்டும்.

அடுத்த அமர்வுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். மதாமும் இந்தமுறை முறையாகப் பெயர் கொடுத்திருக்கிறார். நீங்கள் வாழ்நாள் முழுக்கக் கேட்க முதல் நீட்டினீர்கள், அண்ணை. இனி பதிலை நீட்டவேண்டியவர்கள் அவர்கள். அவர்கள் நீட்டும்வரை நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

இப்போதும் உங்கள் காலடித் தடத்தில் பனிக்குள் நடந்துவரும்
தம்பி