ஹட்சன் குடாவின் மேற்குக் கரை

என் அக்கா,

போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன். அப்பாவுக்குத் தெரிந்தால் நான் தொலைந்தேன். ஆனாலும் விடியும்வரை பொறுக்க முடியவில்லை!

பள்ளிக்கூடத்துக்காக மாவும் உப்பும் குழைத்து முழுக் கனடாவையும் செய்தேன். மேற்கில் றொக்கி மலைகளைக் கிள்ளிக் கிள்ளி உயர்த்தினேன். நடுவில் சமவெளியைத் தட்டினேன். ஹட்சன் குடாவைக் கட்டைவிரலால் அழுத்தினேன். ரொறொன்ரோவுக்கு ஒரு மிளகு வைத்தேன். நீ இருக்கும் இடத்தில் வைக்கப் பயமாக இருந்தது.

அப்பா வேலையால் வந்து குனிந்து பார்த்தார்.

“உதென்ன, றொட்டியோ?”

பிறகு குடாவின் மேற்குக் கரையில் விரலை வைத்தார். சரியாக உன் ஊரில், அக்கா! அந்த இடத்தை நான் யாருக்கும் காட்டவே இல்லை.

“இதுக்கு மேலை மரமே இல்லையாம். இந்தக் காத்துக்கு அவள் என்னெண்டு இருக்கிறாள்?”

உன் விருப்பத்துக்குக் கலியாணம் செய்து நீ போனதிலிருந்து அவர் உன்னைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. குசினியில் அம்மா குழாயை மூடிவிட்டு அப்படியே நின்றார்.

சனிக்கிழமை காலை அப்பாவின் போனுக்குக் கோல் எடு. போனை என் மாவு மலைகளுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன். நான் தொடமாட்டேன். அவரே எடுக்கட்டும்.

உன் தங்கை