ஆயுத பூஜைக்கு ஓய்வெடுத்த புரதம்

ஆஸ்டின் டவுன், பெங்களூர்
11-10-1998

அன்பு மகள் வசுமதிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், நீயும் லீட்ஸ் குளிரில் ஸ்வெட்டரைக் கழற்றாமல் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம். உன் கடிதம் வந்தது. அங்கேயும் உன் புரதம் படிகமாக மாற மறுக்கிறது, குளிர வைத்தால் கரைசல் கலங்கி எண்ணெய்த் துளிபோலப் பிரிகிறதே தவிரக் கெட்டியாவதில்லை, எனக்கு இந்த வேலைக்குக் கைராசி இல்லை, மாதக் கடைசியில் பேராசிரியரிடம் சொல்லி வேறு தலைப்புக்கு மாறப் போகிறேன், நம் வீட்டு ஃபிரிட்ஜில் நான் விட்டுவந்த புரதத் துளி டப்பாவையும் தூக்கிப் போட்டுவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். மூலக்கூறுகள் நெருக்கியடித்துக் கூடுகின்றன, ஆனால் வரிசையில் நிற்பதில்லை என்று நீ விளக்கியது உடனே புரிந்தது. முப்பது வருடம் சிவாஜிநகரில் பஸ் ஏறியவன் நான்.

டப்பாவைப் போடுவதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. அம்மா இந்த வருடம் மிக்சி, தையல் மெஷினோடு ஃபிரிட்ஜையும் துடைத்துச் சந்தனம் வைத்து, மறுநாள் காலை வரை பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். பால் கெட்டுவிடுமே என்றதற்கு, "வருஷம் பூரா ஓடுது, அதுவும் மெஷின்தானே, ஒருநாள் லீவு குடுத்தா உங்களுக்கு என்ன போச்சு" என்றாள். பால் கெட்டது. திரும்பப் போட்டபின் நம் பழைய ஃபிரிட்ஜ் குளிர்வதற்கு இன்னொரு நாள் எடுத்துக்கொண்டது.

போன ஞாயிறு டப்பாவைப் போட எடுத்தவன், ஸ்டாம்பு பார்க்கும் லென்சால் ஒருமுறை பார்த்தேன். ஒரு துளி கலக்கம் நீங்கித் தெளிந்திருந்தது, அதன் நடுவில் பட்டை தீட்டினாற்போல மூன்று துணுக்குகள். வெதுவெதுப்பில் கலைந்த கூட்டம், மெதுவாகக் குளிர்ந்தபோது வரிசை பிடித்துக்கொண்டதோ? கீழ்வீட்டு டெஸ்மண்ட் எட்டிப் பார்த்துவிட்டு, "அய்யே, வெறும் உப்பு மேன். துளி காஞ்சா உப்புதான் நிக்கும். பொண்ணுக்கு எழுதி ஆசை காட்டாதே" என்றார். அம்மா சந்தனத்தின் பலன் என்று சொல்லிவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள். இரண்டு கட்சியிலும் சேராமல் உன் பழைய பாடப் புத்தகத்தைப் புரட்டினேன். உப்பென்றால் ஊசி பட்டதும் டக்கென்று உடையுமாம், புரதப் படிகம் பாதி தண்ணீர் என்பதால் சத்தமில்லாமல் நொறுங்குமாம். மூன்றில் ஒன்றைப் பலிகொடுக்கத் துணிந்தேன். டெஸ்மண்ட் காதைக் கிட்டே வைத்துக்கொண்டார். ஊசி பட்டதும் அது ஈரப் புட்டுபோல உதிர்ந்தது. சத்தமே இல்லை. டெஸ்மண்ட் என் கையிலிருந்து லென்சை வாங்கிக்கொண்டார்.

இது உன் புரதம்தானா என்று படிகத்தைச் சோதிக்கும் உன் எக்ஸ்ரே சொல்லட்டும், நான் சொல்லக்கூடாது. ஆனால் அங்கேயுள்ள துளிகளை ஒருநாள் வெளியே வைத்து, பிறகு அவசரமில்லாமல் குளிரவிட்டுப் பார். மீதி இரண்டும் இங்கே பத்திரம், அவற்றுக்கு இடம் விட்டுக் கத்தரிக்காய் வெளியே வந்துவிட்டது. எல்லா நலமும் பெற்று, நினைத்தது கைகூட எங்கள் இருவரின் ஆசிகள். நேரத்துக்குச் சாப்பிடு. தலைப்பு மாறுவது பற்றிப் பேராசிரியரிடம் மட்டும் இப்போதைக்கு வாயைத் திறக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா
கோவிந்தராஜன்