சமையலறை ஜன்னல் கண்ணாடியைக் கழற்றாதே

என்சியோ,

ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன் இதைப் படித்துவிடு. சமையலறை ஜன்னல் கண்ணாடியைக் கழற்ற வேண்டாம். உதவிக்கு வரும் ரெய்யோவை வர வேண்டாம் என்று சொல்லிவிடு.

மூன்று நாளாகக் காலையில் கண்ணாடி பனி மூடிக் கிடப்பதைப் பார்த்து நேற்று கத்தினேன் அல்லவா: "ஊருக்கெல்லாம் ரெட்டைக் கண்ணாடிக்கு நடுவுல சூடு வெளிய போகாம ஆர்கான் வாயு அடைக்கிற, சொந்த வீட்டுக்கு வெறும் காத்தா?" நீயும் முகம் வெளிறி, "வாயு அடைச்சப்புறம் ஓட்டைய மூடுனேனான்னு ஞாபகம் இல்ல, டூலிக்கி" என்றாய். அதன்பிறகு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

இன்று காலை உள்ளிருந்து துணியால் துடைத்தேன், போகவில்லை. இரண்டு கண்ணாடிக்கும் நடுவில்தான் ஈரம் புகுந்துவிட்டது என்று நினைத்தேன். வெளியே போய் விரலால் தேய்த்தேன், அப்படியே வழித்துக்கொண்டு வந்தது. பனி வெளிப்பக்கம்தான். வீட்டுச் சூடு கசியாததால் வெளிக் கண்ணாடி குளிர்ந்து கிடக்கிறது. வாயு உள்ளேயே பத்திரமாக இருக்கிறது. புதுக் கண்ணாடி வாங்குகிறவர்களிடம் "வெளிய பனி புடிச்சா பயப்படாதீங்க" என்று தினமும் சொல்கிற ஆள் நீ. நான் போட்ட சத்தத்தில் உனக்கே மறந்துவிட்டது.

இன்று வியாழன், வழக்கம்போல் பட்டாணி சூப் அடுப்பின்மேல் இருக்கிறது. அதில் கலக்கும் கடுகு விழுது தீர்ந்துவிட்டது, வாங்கி வை.

டூலிக்கி

சரி, ரெய்யோ வந்தால் வரட்டும், சூப் மூன்று பேருக்குக் காணும். எதற்குக் கூப்பிட்டாய் என்று மட்டும் மூச்சு விடாதே.

கண்ணாடிக்கு வெளியே பனியில் விரலால் மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறேன். வெயில் ஏறினால் அழிந்துவிடும். நீ அதுவரை தூங்கினால் உன் பாடு. இன்னொரு முறை எழுத மாட்டேன்.