சேர்க்காமல் விட்ட பதினொரு நடைகள்

மார்ச் 4, செவ்வாய்

என் மாணவியின் அளவீடு தவறு என்று எட்டு மாதமாகச் சொல்லிவருகிறேன். என்னுடையது சரி என்று எனக்கு எப்படித் தெரியும்? காலையிலிருந்து யோசிக்கிறேன். அச்சில் வந்தது, பாடப்புத்தகத்தில் அரைப் பக்கம் பிடித்திருக்கிறது என்பதெல்லாம் பதில் ஆகாது.

இன்றும் வரைபடங்களைக் கொண்டுவந்து மேசைமேல் பரப்பினாள். ஆறு தெருமுனைகள், நூற்று நாற்பது நடைகள். கைபேசியோடு நடக்கிறவர் முனை திரும்பியதும் சிக்னல் இரண்டே நொடியில் செங்குத்தாக விழும் — இது இருபத்திரண்டு வருடம் முன்பு நான் எழுதியது. அது விழுவதற்குள் கைபேசியை அடுத்த சிக்னல் கோபுரத்துக்கு மாற்றிவிடுவதுதான் என் முறை. இந்த வேலை, இந்த அறை, கதவிலுள்ள பெயர்ப்பலகை எல்லாம் அதிலிருந்து வந்தவை. அவளுடைய கோடுகள் விழவே இல்லை. சறுக்குமரம்போல மெல்ல இறங்குகின்றன.

“கருவியைச் சரிபார்த்துட்டு இன்னொரு தடவை நடந்து பாரும்மா.”

“இது எத்தனாவது தடவை மேடம்?”

குரலில் கோபம் இல்லை. அதுதான் உறுத்துகிறது.

மார்ச் 5, புதன்

மழை. அவள் வரவில்லை.

மார்ச் 6, வியாழன்

ஒரு கைபேசி நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறதாம். அடுத்த வியாழனுக்குள் பதில் சொல்ல வேண்டும். அப்போது ஆய்வு என்ன ஆவது என்று கேட்டேன்.

“எதை எழுதறது மேடம்? உங்க முடிவு எனக்கு வரலைன்னு எழுதினா நீங்க கையெழுத்துப் போட மாட்டீங்க. வருதுன்னு எழுதினா நான் போட மாட்டேன்.”

அவள் வயதில் எனக்கு இப்படிப் பேச வாய் வந்ததில்லை.

மார்ச் 9, ஞாயிறு

மதியம் அக்காவைக் கூப்பிட்டேன். அன்று என் அளவீட்டுக்காகக் கைபேசியோடு நடந்தது அவள்தான். எனக்கு உதவிக்கு ஆள் தர யாரும் முன்வராத காலம். அக்கா நர்ஸ். வார்டு டியூட்டி இல்லாத நாட்களில் வந்து நடந்துகொடுத்தாள். நான் கோபுரத்தடியில் கணினியோடு உட்கார்ந்திருப்பேன். அவள் நேரே போய், வலப்பக்கம் திரும்பி மறைவாள். அந்தக் கைபேசி ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

“அந்தச் செங்கல் மாதிரி போனா?”

“அதேதான். நெஞ்சுக்கு நேரா கையில பிடிச்சுக்கிட்டுத்தானே நடந்தே?”

“முதல் நாள் புடிச்சேன். அப்புறம் கை கடுத்துப் போச்சுடி. நீ பாக்கற வரைக்கும் கையில. முனை திரும்பினதும் இடுப்புல சொருகிக்குவேன்.” சிரித்தாள். “ஏன், என்ன கெட்டுப்போச்சு?”

என்ன கெட்டுப்போச்சா! மனித உடம்பில் பாதிக்குமேல் தண்ணீர். சிக்னலைக் குடித்துவிடும். கோபுரத்துக்கும் கைபேசிக்கும் நடுவில் திடீரென்று வந்தது முனைக் கட்டடம் இல்லை, என் அக்கா. இத்தனை வருடமாக இத்தனை பேர் மேற்கோள் காட்டியது அவளுடைய இடுப்பை.

நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம்தான்.

மார்ச் 10, திங்கள்

ஆய்விதழுக்குக் கடிதம் எழுதினேன். “அளவீட்டில் உதவியவர் அறிவுறுத்தலைப் பின்பற்றாததால் ஏற்பட்ட பிழை...” சுத்தமான கடிதம். துறைத்தலைவரிடம் காட்டினேன்.

“அந்தக் காலத்து போனே இப்ப கிடையாது மேடம். சும்மா கிடக்கறதை எதுக்குக் கிளறணும்?”

“என் மாணவி கிளறிட்டா.”

“அவங்கதான் கிளம்பறாங்களே.”

அவர் கெட்டவர் இல்லை. எனக்கு உதவுவதாகத்தான் நினைக்கிறார்.

மார்ச் 11, செவ்வாய்

கடிதத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அவளைப் பற்றியது, தெரியாமல் அனுப்பக் கூடாது.

“என் தப்புதான். போட்டுக்கோ. ஆனா ஒண்ணு கேக்கறேன். போனதை மட்டும் சொல்றே. அதே வழியா திரும்பியும் நடந்தேனே, அதெல்லாம் என்ன ஆச்சு?”

இரும்பு அலமாரியின் அடித்தட்டில் பழைய நோட்டு இருந்தது. திரும்பி வந்த நடைகள் பதினொன்று. எதிலும் முனையில் அந்தச் செங்குத்து இல்லை, சிக்னல் மெல்லத்தான் ஏறியிருக்கிறது. வரும்போது உடம்பு நடுவில் இல்லை. கைபேசி இருந்த பக்கம் கோபுரத்தைப் பார்த்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் எதிரே என் கையெழுத்து: “பேட்டரி குறைவு. சேர்க்கவில்லை.”

பதினொரு தடவையுமா? போகும்போது நன்றாக இருந்த பேட்டரி வரும்போதெல்லாம் குறையுமா? ஐயோ, தெரிஞ்சேதான் எழுதினேனா நான்? ஞாபகமே இல்லையே.

ஞாபகம் இல்லாதது வசதியாகவும் இருக்கிறது. அதையும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 12, புதன்

கடிதத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். முதல் பத்தியில் பதினொரு நடைகள், அவற்றை ஒதுக்கியவள் நான். இடுப்பு இரண்டாம் பத்தியில், ஒரே வரி. கடைசியில், மாணவியின் அளவீடுதான் சரி என்பது. மூன்று மணிக்கு அனுப்பிவிட்டேன்.

நாளை வருகிறாள். கத்துவாளா? அழுவாளா? நன்றி சொல்லிவிட்டால் என்ன செய்வேன்? அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

மார்ச் 13, வியாழன்

இதில் எதுவும் நடக்கவில்லை.

பத்து மணிக்கு ஆய்வு விலகல் படிவத்தோடு வந்தாள். என் கையெழுத்து மட்டும் பாக்கி. கடிதத்தைக் கொடுத்தேன். நின்றபடியே இரண்டு தடவை படித்தாள்.

“இடது இடுப்புன்னு போட்டிருக்கீங்க. கேட்டீங்களா, ஊகமா?”

“ஊகம்தான்.”

“கேளுங்க மேடம்.”

ஸ்பீக்கரில் போட்டேன்.

“இடதுதான். வலது தோள்ல பை தொங்குமே. யாரு பக்கத்துல?”

“என் மாணவி.”

“அந்தப் பொண்ணா? ஏம்மா, நீயாவது கையில புடிச்சியா?”

“கடைசி வரைக்கும் கையிலதாங்க.”

“கடுக்கலை?”

“கடுத்துச்சுங்க.”

போனை வைத்தேன். “எட்டு மாசம் மேடம்” என்றாள். ஆமாம் என்றேன். மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். படிவத்தில் “விலகல்” என்பதை அடித்து, மேலே “பகுதிநேரம்” என்று எழுதி என் பக்கம் தள்ளினாள். அடித்தல் இருந்தால் அலுவலகத்தில் வாங்க மாட்டார்கள், பக்கத்திலேயே சுருக்கொப்பம் வேண்டும். வைத்தேன். கீழே முழுக் கையெழுத்தும் போட்டேன்.