முதுகுக்கு எழுதிய மனு

ஜனவரி 11

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுத முடியவில்லை. உன் அம்மாவுக்கு முதுகுவலி. வாளியைத் தூக்கியதால் வந்தது என்கிறாள், மூன்று மாதமாகிறது. நீ பயப்பட வேண்டாம், உரிய இடத்தில் சொல்லியாயிற்று.

முப்பத்தெட்டு வருடம் அலுவலக வாசலில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் மனு எழுதினவன் நான். எந்த மனு எந்த மேசைக்குப் போக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். புனிதர்களிலும் அப்படித்தான்: பல்லுக்கு அப்பொலோனியா, தொண்டைக்கு பிளேசியார், கண்ணுக்கு லூசியா, முதுகுக்கு லாரன்ஸ். பொதுவாகக் கையேந்தினால் விண்ணகத்திலும் கோப்பு நகராது. நேற்று புனித லாரன்ஸுக்கு ஒன்பது நாள் நவநாள் செபம் ஆரம்பித்தோம்.

அம்மா இந்த உறைக்குள் தனியாக ஒரு சீட்டு வைத்து ஒட்டியிருக்கிறாள். நான் பார்க்கவில்லை. என்னைக் கேட்காமல் வேலைக்குப் போனவளுக்கு அம்மா மட்டும் போதும் போலிருக்கிறது.

அப்பா

ஜனவரி 24

அன்புள்ள அப்பாவுக்கு,

ஸ்கேன் அறையில் தினமும் முப்பது பேரைப் படுக்கவைத்துப் படமெடுக்கிறேன். மூன்று மாதம் விடாத வலியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது அப்பா. அம்மாவை அனுப்புங்கள். இரண்டு நாள் போதும். செபத்தை நிறுத்தச் சொல்லவில்லை. செபம் பண்ணிக்கொண்டே பஸ் ஏறலாம்.

உங்கள் மகள்

பிப்ரவரி 6

மகளுக்கு,

கொல்லத் தெருவில் ஊசி விற்காதே. முதல் நவநாள் முடிந்ததும், “இப்ப தேவலைங்க” என்று உன் அம்மாவே சொன்னாள். இரண்டாவது நடக்கிறது. ஒரு மேசையில் மனு இருக்கும்போது இன்னொரு மேசைக்கு ஓடுவது நம்பிக்கை இல்லாதவன் வேலை.

அப்பா

மார்ச் 9

அப்பாவுக்கு,

சொல்லாதே என்று அம்மா கேட்டுக்கொண்டாள். இனி முடியாது. ஜனவரியில் அவள் வைத்த சீட்டை அப்படியே எழுதுகிறேன்:

“வலி முதுகுல ஆரம்பிச்சது நெசந்தான். இப்ப வயித்துல. ஆனா உங்கப்பா லாரன்ஸுக்கு ஆரம்பிச்சிட்டாரு. நடுவுல எடத்த மாத்திச் சொன்னா, மொதல்லயே சொல்ல வாயில்லையான்னு கேட்டுட்டு நாலு நாள் பேச மாட்டாரு. அது முடியட்டும்னு இருக்கேன். நீ ஒண்ணும் எழுதிடாத.”

உடனே கூட்டி வாருங்கள்.

மகள்

மார்ச் 13

மகளுக்கு,

உன் அம்மா என்னிடம் பொய் சொல்ல மாட்டாள் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எதற்கும் ஒரு வார்த்தை கேட்டேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. “ஆமாங்க” என்றாள்.

நாளை மறுநாள் காலை பஸ். அம்மா உன்னோடு இருக்கட்டும். நான் வெளியே அறை எடுத்துக்கொள்வேன்.

அப்பா

ஜூன் 2

மகளுக்கு,

அம்மாவை அடக்கம் செய்து மூன்று வாரமாகிறது. அன்று நீ சொல்லிக்கொள்ளாமல் போனாய். போகட்டும். “நாலஞ்சு மாசம் முந்தி வந்திருக்கலாம்” என்று மார்ச்சில் டாக்டர் சொன்னபோது நீ என்னைப் பார்த்தாய். நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

ஆறுதல் எதுவும் எழுதாதே. ஒன்று கேட்கிறேன், அதற்கு மட்டும் பதில் எழுது. மனு எழுத வருகிறவர்கள் பாதியில் மாற்றிச் சொல்வார்கள். அண்ணன் மேல் புகார் என்பார்கள். கடைசி வரியில் அண்ணன் இல்லை, மச்சான் என்பார்கள். ஒரு வார்த்தை கடிந்ததில்லை. கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுப்பேன். ஒரு தாள்தானே. உன் அம்மா ஏன் என்னிடம் மாற்றிச் சொல்லவில்லை?

அப்பா

ஜூன் 13

அப்பாவுக்கு,

ஊராருக்குக் கிழித்தீர்கள். எங்களுக்குக் கிழித்ததில்லை.

எட்டாவது படிக்கும்போது பல்வலி என்று அழுதேன். அப்பொலோனியாவுக்கு ஆரம்பித்தீர்கள். வலி பல்லில் இல்லை, காதில் என்று மறுநாளே தெரிந்தது. ஒன்பது நாளும் பல் என்றே சொல்லி உங்கள் பக்கத்தில் முழங்கால் போட்டேன். நீங்கள் வேலைக்குப் போனபின் அம்மா காதில் மருந்து விட்டாள். பத்தாம் நாள், “பாத்தியா, பல்லு சரியாயிருச்சு” என்று எல்லோரிடமும் சொன்னீர்கள். நாங்கள் இருவரும் தலையாட்டினோம்.

அதன் பிறகு எங்களுக்கு அது பழகிவிட்டது.

அம்மாவின் சீட்டை எட்டு வாரம் கைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்வந்தேன். என்ன நோயாக இருக்கலாம் என்று தெரிந்தவள் நான். எனக்கும் உங்களிடம் பயம்தான். ஆனால் அந்த எட்டு வாரத்தை உங்கள் கணக்கில் சேர்க்க மாட்டேன். அது என்னுடையது.

மகள்

ஜூன் 20

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்துக்கு மறுப்பு எழுத உட்கார்ந்து மூன்று தாள் கிழித்தேன்.

நீ எழுதியதில் ஒரு தவறு இருக்கிறது. அப்போது நீ எட்டாவது இல்லை, ஏழாவது. மற்றது சரி.

எந்தக் காது என்று எனக்குத் தெரியாது. இப்போதும் வலிக்கிறதா? எழுது.

அப்பா