சாப்பிட்டாச்சா என்று கேட்பவன்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம், என் இடது முழங்காலையும் மாடித் தண்ணீர்த் தொட்டியையும் தவிர. இரண்டையும் பார்க்க வந்தவர்கள் ஒரே மாதிரித் தட்டிப் பார்த்து, ஒரே மாதிரி உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள். அங்கே நீ நலமா என்று கேட்பது வழக்கம். இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, அதற்குக் கடைசியில் வருகிறேன். கையில் போன் இருக்கக் கடிதம் எழுதுகிறாரே, அப்பாவுக்கு மரை கழன்றுவிட்டதா என்று நினைக்காதே, அதற்கும் காரணம் இருக்கிறது. உன் அக்காவைப் பள்ளியில் துணைத் தலைமையாசிரியை ஆக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டுக்கு வந்தால் என் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்த பிறகுதான் உட்காருகிறாள்.

இப்போது வீட்டில் நடக்கும் பெரிய சண்டையைச் சொல்கிறேன். உன் அம்மா சாயங்காலம் பார்க்கிற தொடரில் ஒரு ஆள் வருகிறான். சின்ன வயதில் ஓடிப்போன அண்ணன் நான்தான் என்று சொல்லி ஒரு குடும்பத்துக்குள் நுழைந்துவிட்டான், எல்லாரும் பெரியப்பா பெரியப்பா என்று உருகுகிறார்கள். சுத்தமான ஃபிராடு. ஒரே ஃபிரிட்ஜை இரண்டு பேருக்கு விற்றிருக்கிறான். ஆனால் தங்கமான மனுஷன், பேசாமல் கிடந்த அண்ணன் தம்பியைப் பொய் சொல்லியே சேர்த்துவைத்தான், பரீட்சையில் கோட்டைவிட்ட பெண்ணைப் பொய் சொல்லியே தேற்றினான். யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, சாப்பிட்டாச்சா என்பதுதான். போன வாரம் குட்டு உடைந்துபோய்ப் போலீஸ் கையைப் பிடித்து இழுத்துப் போகும்போது, வாசலில் நின்று திரும்பி அந்தப் போலீஸ்காரனையே சாப்பிட்டாச்சா என்று கேட்டான். அதோடு அன்றைய கதையை முடித்துவிட்டார்கள்.

அது போதாதா நம் வீட்டுக்கு. மறுநாளே எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர், அதுதான் நாம் தலைவலி என்று கூப்பிடுவோமே அவர், காபியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அது சங்கேத வார்த்தையாம், போலீஸ்காரனும் கூட்டாளியாம். அக்கா விடுவாளா, அது சமுதாயத்தின் பசியைக் குறிக்கிறது என்று வகுப்பே எடுத்தாள். நான் இருவரையும் கையமர்த்தினேன். ஆயுள் முழுக்க பஸ்ஸில் டிக்கெட் பரிசோதித்துப் பழம் தின்று கொட்டை போட்டவன் நான். டிக்கெட் எடுக்காதவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான் என்று ஊர் நினைக்கிறது. அவன் தொழிலுக்குப் புதியவன். தேர்ந்தவன் நம்மைப் பார்த்ததும் வாய் நிறையச் சிரித்து, என்ன சார் உடம்பு இளைச்சிட்டீங்க என்று விசாரிப்பான், நாமும் குளிர்ந்துபோய் அடுத்த சீட்டுக்குப் போய்விடுவோம். இவனும் அந்த ஜாதிதான், வேறு அர்த்தம் கிர்த்தம் எதுவும் கிடையாது என்று தீர்ப்புச் சொன்னேன். உன் அம்மா பூண்டு உரித்துக்கொண்டே இருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள், "அவன் ஒரு நாளாவது சாப்பிட்டு நீங்க பார்த்தீங்களா? எல்லாரையும் முந்திக்கிட்டு கேட்டுடுறான். அவனை யாரும் கேட்டுடக் கூடாதுன்னுதான்."

யோசித்துப் பார்த்தால் வாஸ்தவம். இத்தனை மாதத்தில் அவன் வாயில் ஒரு கவளம் போனதாகக் காட்டவே இல்லை. அக்கா அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரிக்க ஆரம்பித்தாள், தலைவலி மட்டும் இருந்தாலும் கூட்டாளிதான் என்று முனகினார். அந்த நேரம் பார்த்து உன் போன் வந்தது. சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா, முழங்கால் எப்படி, தொட்டி என்ன ஆயிற்று என்று மூச்சு விடாமல் கேட்டாய். தலைவலியின் ஸ்கூட்டர் கிளம்புகிறதா என்றுகூடக் கேட்டாய், அவர் பெற்ற பிள்ளையே அதை விசாரித்ததில்லை. உன் அம்மா நீ எப்படிடா என்று ஆரம்பித்ததும் சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டாய். அவள் போனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். டிவியில் வருகிறவனுக்கு அர்த்தம் கண்டுபிடிக்க நாலு பேர் கூடி அடித்துக்கொண்டோம், வீட்டுப் பிள்ளையை விட்டுவிட்டோம்.

டிக்கெட் வைத்திருக்கிற எவனும் பரிசோதகனின் முழங்காலைப் பற்றிக் கேட்டதில்லையடா. கொஞ்ச நாளாகவே நீ ஆபீஸ் நேரத்தில் கூப்பிடுகிறாய், பின்னால் பாத்திரம் உருளும் சத்தம் கேட்கிறது, மேனேஜரைத் திட்டுவதையும் நிறுத்திவிட்டாய். நீ அவரைத் திட்டாததுதான் என்னைப் பேனா எடுக்க வைத்தது. வேலை போயிற்றா, உடம்புக்கு முடியவில்லையா, மனசு சரியில்லையா, எனக்குத் தெரியாது. தெரியாததால் பயமாக இருக்கிறது. நான் யாரையும் பஸ்ஸுக்குள் வைத்து நாலு பேர் முன்னால் பிடித்ததில்லை என்று உனக்குத் தெரியும், அடுத்த நிறுத்தத்தில் கூடவே இறங்கி, ஓரமாக நிறுத்தித்தான் கேட்பேன். இந்தக் கடிதம் அந்த நிறுத்தம். போனில் கேட்டால் நீ சிரித்தே என்னைக் குளிரவைத்துவிடுவாய். என்ன ஆகியிருந்தாலும் வீட்டுக்கு வா. உன் அறையில் தலைவலி ஒரு பழைய அலமாரியைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார், அதை வெளியே தள்ள எனக்கும் ஒரு சாக்கு வேண்டும்.

அம்மா உனக்கு ஆசி சொல்லச் சொன்னாள், நன்றாக இரு, தலைக்கு எண்ணெய் வை. ஒன்றை மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது முதல் கேள்வி எங்களுடையது. நாங்கள் சாப்பிட்டாயிற்று, மாத்திரை போட்டாயிற்று, ஸ்கூட்டர் கிளம்பவில்லை. இனி நீ கேட்பதற்கு எதுவும் பாக்கி இல்லை, பதில் சொல்வதுதான் பாக்கி.

இப்படிக்கு,
டிக்கெட் இல்லாவிட்டாலும் உன்னை ஏற்றிக்கொள்ளும்
அப்பா