ஏழாவது கேள்விக்குப் பதில்

3-1-94, திங்கள்

தாம்பரத்தில் எட்டேகால் வண்டியைக் கோட்டை விட்டேன். பல்லாவரத்தில் இறங்கி ஓடியே போனாலும் பன்னிரண்டு நிமிஷம் லேட். வாசலிலேயே முதலாளி பக்தவச்சலம். "புது வருஷமும் இப்படித்தானா ஞானஜோதி?"

நான் மட்டுமா? தையல் செக்ஷனில் எண்பத்து நான்கு பெண்கள், அதில் முப்பத்தொரு பேர் லேட். அந்த முப்பத்தொரு பேரும் கம்பெனிக்குப் பின்தெருவில் இருப்பவர்கள், அங்கே தண்ணீர் லாரி எட்டரைக்குத்தான் வருகிறது என்று சொன்னேன். "குளிக்காம வரச் சொல்லு" என்றார். இந்த மனுஷனிடம் ஒன்பது வருஷமாக டைப் அடிக்கிறேன். எனக்குக் கோயில் கட்ட வேண்டும்.

5-1-94, புதன்

ஜெர்மனியிலிருந்து கடிதம். ஷூவின் மேல்பாகம் தைக்க ஒரு வருஷத்துக்கு ஆர்டர் தர யோசிக்கிறார்களாம். அது வந்தால் எல்லோருக்கும் வேலை. வராவிட்டால் மார்ச்சோடு தையல் செக்ஷனை மூடுவதாக முதலாளியே சொல்லிவிட்டார். செக்ஷனே இல்லையென்றால் டைப்பிஸ்ட் எதற்கு? வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான்.

கூடவே ஒரு கேள்வித்தாள். ஏழாவது கேள்வி: உங்கள் கம்யூனிட்டிக்கு உங்கள் கம்பெனி என்ன செய்திருக்கிறது?

முதலாளி முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. "நம்ம கம்யூனிட்டிய பத்தி அவனுக்கு யாரும்மா சொன்னது?"

"சார், அது ஜாதி இல்ல. அக்கம்பக்கத்து ஜனங்கள கேக்கிறாங்க."

"கம்யூனிட்டின்னா கம்யூனிட்டிதான். தாசில்தாரே அப்படித்தான் எழுதிக் குடுக்கிறார். நீ அடி."

அடித்தேன். அவர்கள் ஜாதிச் சங்கக் கல்யாண மண்டபத்துக்கு ஆறு மின்விசிறி. குலதெய்வக் கோயிலுக்குப் பதினெட்டு டியூப்லைட், ஒவ்வொன்றிலும் உபயதாரர் பெயருடன். ஜாதிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம். எல்லாம் முடிந்த பிறகு தன் கம்யூனிட்டி சர்டிபிகேட்டை ஜெராக்ஸ் எடுத்து, அட்டெஸ்டேஷனும் வாங்கி, பின்னால் குத்தச் சொன்னார். குத்தினேன். கர்த்தாவே, எனக்கு இதில் பங்கில்லை.

17-1-94, திங்கள்

பொங்கல் முடிந்து வந்தால் ஃபேக்ஸ் காத்திருக்கிறது. "கம்யூனிட்டிக்கான உங்கள் சேவைக்கு அரசாங்கமே சான்றிதழ் தந்திருப்பதைக் கண்டு மிகவும் மகிழ்ந்தோம். அந்த மக்களை நேரில் சந்திக்க எங்கள் அதிகாரி உர்சுலா அம்மையார் வருகிறார்."

மூன்று தடவை படித்தேன். பிறகு பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன்.

18-1-94, செவ்வாய்

முதலாளி சிரிக்கவில்லை. அக்கம்பக்கம் என்றால் இன்னதென்று இப்போதுதான் உறைத்திருக்கிறது. "இப்ப இன்னா பண்றது?" என்றார். பதற்றம் வந்தால் அவருக்குப் படித்த பேச்செல்லாம் போய்விடும்.

நம் காம்பவுண்டில் இரண்டு போர்வெல் இருக்கிறது, பின்தெருப் பக்கம் ஒரு குழாய் விடுங்கள் சார் என்றேன். மூக்குத்தூளை உறிஞ்சியபடி யோசித்தார்.

"தண்ணி குடுத்தா பேரை எங்கம்மா எழுதறது?"

28-1-94, வெள்ளி

பெயருக்கு இடம் கிடைத்துவிட்டது. குழாய்க்கு மேலே மார்பிள் கல். கல்லும் குழாயும் வந்தாயிற்று, போரிலிருந்து பைப் வரவில்லை. திறப்பு விழாவுக்கு முன்னால் தண்ணீர் வந்தால் ராசியில்லையாம்.

4-2-94, வெள்ளி

என்ன நாள் இது!

வெள்ளிக்கிழமை விசேஷம் என்று உர்சுலா வருவதற்கு நாள் குறித்த முதலாளி, பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமை சந்தை என்பதை மறந்துவிட்டார். முதலாளியும், இங்கிலீஷ் பேச நானும் விமான நிலையத்திலிருந்து அந்த அம்மாளை அழைத்துக்கொண்டு நேராக மண்டபத்துக்குப் போவதாக ஏற்பாடு. அங்கே அக்கம்பக்கத்து ஜனங்களாகக் காட்டப் பட்டுப்புடவையில் இருநூறு சொந்தக்காரர்கள், நாதஸ்வரம், 'கம்யூனிட்டி' என்று பேனர். சந்தைக் கூட்டத்தில் கார் அசையவில்லை. டிரைவர் வண்டியைப் பின்தெருவில் விட்டான். அங்கே தண்ணீர் லாரி. அதன் பின்னால் நூறு குடம்.

உர்சுலா இறங்கிவிட்டார். கல்லைப் பார்த்தார். குழாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. வரிசையில் முதலில் நின்ற செல்லியம்மாளைக் காட்டி, கம்பெனி இவர்களுக்கு என்ன செய்கிறது என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"இன்னா செஞ்சாங்க? கல்லு வச்சாங்க. பேரு கீது, தண்ணி இல்ல. வெள்ளக்கார அம்மா வந்தாதான் தொறப்பாங்களாம். உள்ள ரெண்டு போரு கீது, நாங்க லாரிக்கு நின்னுகினு கீறோம்."

முதலாளி பின்னாலிருந்து கிசுகிசுத்தார்: "ரொம்ப சந்தோஷமா இருக்கோம்னு சொல்றாங்க. அப்படியே சொல்லு."

எண்பத்து நான்கு பேர். என் சம்பளம். பொய் சொன்னால் ஆர்டர் வரும், சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் செல்லியம்மாள் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனாலும் தெரிந்துவிடும் என்று ஒரு பயம். அவள் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டேன்.

அந்த அம்மாள் கோபப்படவில்லை. "இந்தத் தெருவை ஒருவர் போட்டோ எடுத்து எங்கள் ஊர்ப் பத்திரிகையில் போட்டால், அடுத்த நாள் உங்கள் ஷூவை யாரும் காலில் போடமாட்டார்கள். நாங்களும் கடையை மூட வேண்டியதுதான். செவ்வாய்க்கிழமை திரும்ப வருகிறேன்" என்றார்.

பிறகு மண்டபத்துக்கும் போனோம். இலை போட்டு மூன்று வடை சாப்பிட்டுவிட்டு, யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார்.

5-2-94, சனி

முதலாளி என்னோடு பேசவில்லை. நானே ராஜினாமா கடிதம் அடித்து மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். ஒரு எழுத்துப் பிழை இல்லை.

8-2-94, செவ்வாய்

சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலாளியே பிளம்பரை விரட்டியிருக்கிறார். உர்சுலா குழாயைத் திறந்ததும் தண்ணீர் பீய்ச்சி அடித்ததில் அந்த அம்மாளின் பேன்ட் முழங்கால் வரை நனைந்துவிட்டது. தெருவே சிரித்தது. ஆர்டரில் கையெழுத்துப் போட்டாயிற்று!

ஆனால் முதலாளி என்னோடு இன்னும் பேசவில்லை.

16-2-94, புதன்

கூப்பிட்டார். கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டே போனேன்.

"ஒரு வாரமா ஒரு லேட் மார்க்கூட இல்ல. ரெஜிஸ்டரை ஒழுங்காத்தான் எழுதுறியா?"

லாரிக்கு நிற்கிற வேலை இல்லை சார், எல்லோரும் எட்டு மணிக்கே வந்துவிடுகிறார்கள் என்றேன். ரெஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்தார்.

"இத முன்னாடியே சொல்லக் கூடாதா?"

அட பாவி மனுஷா! சொன்னேனே, சொன்னேனே! மனசுக்குள்தான் கத்தினேன். கையில் என்ன பேப்பர் என்று கேட்டார். லாண்டிரிச் சீட்டு என்றேன்.

அப்புறம் அவராகவே, ஞாயிற்றுக்கிழமை வாட்ச்மேன் குப்பனுக்கு லீவாச்சே, மோட்டார் யார் போடுவார்கள் என்று கேட்டார். தெருவில் ஒருவரிடம் மோட்டார் ரூம் சாவியைக் கொடுக்கலாம் என்றேன். மோட்டாரைக் கழற்றி விற்றுவிட்டால் என்று அரை மணி நேரம் விவாதம். கடைசியில் செல்லியம்மாள் பெயரைச் சொன்னதும், "அந்த அம்மாவா? அவங்க கிட்ட யாரும் வாலாட்ட முடியாது, குடு" என்றார்.

6-3-94, ஞாயிறு

ஆர்டர் நெருக்குகிறது, இன்று எல்லோருக்கும் ஓவர்டைம். சர்ச்சுக்கு மட்டம் போட்டுவிட்டு வந்தேன். பத்து மணிக்குள் கம்பெனித் தொட்டி காலி. சாவி செல்லியம்மாளிடம். முதலாளி, "நானே போய் வாங்கறேன்" என்று கிளம்பினார். நானும் பின்னாலேயே போனேன், இதைப் பார்க்காமல் இருப்பேனா?

செல்லியம்மாள் வீட்டுக்குள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"கொழம்பு எறக்கிட்டு வரேன். செத்த நிக்கச் சொல்லு."

நின்றார்.